ஆயா என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள்: முதியோர் இல்லப் பொறுப்பாளருக்கு முதல் மூன்று மாதம்

நர்சிங் ஹோம் என்றால் நம் ஊரில் சின்ன ஆஸ்பத்திரி என்று அர்த்தம். இங்கே பேசப்போவது படுத்த படுக்கையாகவும் தள்ளாமையோடும் இருக்கும் பெரியவர்களை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு இல்லங்களைப் பற்றி. அப்படி 20 முதல் 40 படுக்கை உள்ள ஓர் இல்லத்துக்கு நீங்கள் புதிதாக இன்சார்ஜ் ஆகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கீழே இரண்டு மூன்று சிஸ்டர்கள், பத்துப் பன்னிரண்டு அட்டெண்டர்கள், சமையலுக்கு ஒருவர், துணி துவைக்க ஒருவர். அட்டெண்டர்கள் தலை குனிந்தே பேசுகிறார்கள், கேட்டால்தான் பதில் சொல்கிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார். இதை மாற்ற வேண்டும்.

முதலில் எல்லோரும் செய்வது ஒரு கூட்டம். "நீங்க பாக்குறது வேலை இல்ல, சேவை" என்று பேசுவது, கேக் வெட்டுவது, "இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்" என்று சுவரில் படம் மாட்டுவது. சேவை என்ற சொல் அவர்கள் காதில் "சம்பளம் ஏறாது" என்றுதான் விழும். படம் ஏறியவரோடு மற்ற பதினோரு பேரும் ஒரு வாரம் பேச மாட்டார்கள்.

பாராட்டு ஏன் நிற்பதில்லை என்பதற்கு உளவியலில் பழைய விளக்கம் உண்டு. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் நான்கு வழிகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் வாய்ச்சொல், உடம்பும் மனசும் அப்போது இருக்கும் நிலை. இதில் முதலாவதுதான் கனமானது. நாம் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு, பலன் இல்லையே என்கிறோம்.

ஆகவே வரிசை இதுதான்: அவமானங்களை எடுப்பது, கைவேலையைக் கற்றுக்கொடுப்பது, அதன்பின் முடிவெடுக்க விடுவது. வரிசை மாறினால் கெடும். வேலை தெரியாதவரிடம் அதிகாரம் கொடுத்தால் பயந்துபோவார். தனி டம்ளரில் காபி குடிக்கிறவரிடம் பயிற்சி என்று பேசினால் உள்ளுக்குள் சிரிப்பார்.

முதல் வாரம்: பாருங்கள், பேசாதீர்கள்

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொண்டு ஒரு பகல் ட்யூட்டி, ஓர் இரவு ட்யூட்டி முழுதாகக் கூடவே இருங்கள். குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைப்பார்கள். நீங்களும் ஒரு பெட் பேனை எடுத்து அலசி வைத்தால் அந்த நினைப்பு பாதியாகக் குறையும். எழுத வேண்டியவை:

யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "ஏய்", "ஏம்மா பொண்ணு", "ஆயா", "ரெண்டாம் ரூம் பையன்".

எங்கே உட்காருகிறார்கள். பல இல்லங்களில் அட்டெண்டருக்கு நாற்காலியே கிடையாது. பன்னிரண்டு மணி நேரமும் நின்றுகொண்டோ, கட்டிலுக்குக் கீழே தரையிலோதான். நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். ஜவுளிக்கடைப் பெண்களை மனதில் வைத்து வந்தது அது. இல்லத்து வராந்தாவுக்கும் அதே நியாயம்தான்.

எப்போது, எதைச் சாப்பிடுகிறார்கள். பெரியவர்கள் சாப்பிட்டு மிஞ்சியதா, தனியாக வடித்ததா? சூடாகவா? எந்தத் தட்டில், எந்த டம்ளரில்?

கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட மூடியுள்ள கூடை இருக்கிறதா, பை வைக்கப் பூட்டுள்ள அலமாரி இருக்கிறதா.

இந்தப் பட்டியலை முதலாளியிடம் கொண்டுபோங்கள். நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தாழ்ப்பாள், ஒரு கூடை, ஒரே மாதிரி டம்ளர் இரண்டு டஜன்: மூன்று நான்காயிரம் ரூபாய்க்குள் முடியும். இதற்கே பணம் இல்லை என்றால், மேற்கொண்டு படிப்பதில் பெரிய பயன் இல்லை.

கூப்பிடும் பெயருக்குப் பணமே வேண்டாம். ஒவ்வொருவரிடமும் தனியாக, "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பேரோடு அக்கா, அண்ணா என்று சொல்வார்கள்; வயதில் சின்னவர் வெறும் பேர் போதும் என்பார். அதைப் பெரிய எழுத்தில் பேட்ஜாக அடியுங்கள், தமிழில். பெரியவர்களும் படிக்க வேண்டுமே. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "இவங்கதான் இந்த அஞ்சு பேரைப் பாத்துக்குறாங்க" என்று பேர் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். டாக்டர் ஒரு தடவை அவரைப் பார்த்து நேராகக் கேள்வி கேட்டால், அடுத்த ரவுண்ட்ஸுக்கு அவர் பதிலோடு நிற்பார்.

சாதி

இதைத் தாண்டிப் போக முடியாது. "நீ என்ன ஆளுங்க?" என்று பெரியவர் கேட்பார், சில சமயம் அவர் மகனே போனில் கேட்பார். கழிப்பறை கழுவுவது சத்தமில்லாமல் ஒரே இரண்டு பேர் தலையில் விழுந்திருக்கும். ஏன் என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது மூன்று. சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி: "யார் பராமரிப்பது என்பதில் சாதி, மதம் பார்க்கப்பட மாட்டாது." குடும்பத்தார் அதன் கீழே கையெழுத்து போட வேண்டும். அடுத்து, கழிப்பறை முறை பட்டியலில் சுழற்சியாக வர வேண்டும். முதல் வாரம் உங்கள் பெயர். மூன்றாவது, இப்படி ஒரு கேள்வி வந்தால் அட்டெண்டர் பதில் சொல்ல வேண்டியதில்லை. "இன்சார்ஜ் கிட்ட கேளுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பதில் சொல்லும் பாரம் உங்களுடையது.

கைவேலை: இரண்டு வாரத்துக்கு ஒன்று

பயிற்சி என்றால் புரொஜெக்டர் வைத்து மூன்று மணி நேரம் உட்கார வைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். இரவு ட்யூட்டி முடித்தவர் அங்கேயே தூங்கிவிடுவார். இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு வேலை, தினம் 15 நிமிடம், கட்டில் பக்கத்தில். முதல் நாள் சிஸ்டர் செய்து காட்டுவார், அடுத்த நாள்களில் ஒவ்வொருவராகச் செய்வார்கள், கடைசியில் செய்யத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். பாண்டுரா சொன்ன இரண்டாவது வழி இங்கே வேலை செய்கிறது: சிஸ்டர் செய்தால் "அவங்க படிச்சவங்க" என்று தோன்றும், கூட வேலை பார்க்கும் அக்கா செய்தால் "நாமும் செய்யலாம்" என்று தோன்றும்.

எந்த வேலையிலிருந்து தொடங்குவது? படுக்கைப் புண்ணிலிருந்து. அதை முதலில் பார்க்கும் கண் அட்டெண்டருடையதுதான்; டாக்டருடையது அல்ல.

படுத்தே இருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, எப்படிப் பார்ப்பது என்பது. திருப்பும்போது முதுகுத்தண்டின் அடி, இடுப்பெலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, தலையின் பின்பக்கம் இவற்றை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இப்போதைக்குப் பயமில்லை. அந்தப் பக்கம் மறுபடி படுக்க வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண்ணின் முதல் கட்டம். பாடப்புத்தகம் இங்கேயே நின்றுவிடும். அதில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் பெரியவர்களின் கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அங்கே புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: சுற்றியிருக்கும் தோலைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கிறதா, கல் மாதிரி இறுகியோ கொழகொழவென்றோ இருக்கிறதா, நிறம் இன்னும் கறுத்து ஊதாவாகத் தெரிகிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா. தினமும் தொட்டுக் குளிப்பாட்டும் கைக்கு இது அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். படித்தவர்களைவிடத் தன் கை முன்னால் கண்டுபிடிக்கிறது என்று அவர் உணரும் நாள் இந்த மூன்று மாதத்தில் முக்கியமான நாள். அன்றைக்கு அந்த இடத்தை, மணியோடு, அவர் பேரைப் போட்டு சார்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தடுத்த வேலைகள்: சக்கர நாற்காலிக்கு மாற்றுவது (பிரேக் போடணும், கால் பலகையை மடக்கணும், பக்கவாதம் வந்தவரை நல்ல கை கால் உள்ள பக்கமாக நகர்த்தணும்), சாப்பாடு ஊட்டுவது (நேராக உட்கார வைத்து, தாடை கொஞ்சம் தாழ்ந்திருக்க, சின்ன ஸ்பூனில், முந்தினதை விழுங்கிய பிறகு அடுத்தது, முடிந்து அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது), சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவுவது, யூரின் பேக்கை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் மாட்டுவது. ஒவ்வொன்றும் தேறியதும் அவரவர் கார்டில் தேதி போட்டுக் கையெழுத்து இடுங்கள். கார்டு அவரிடமே இருக்கட்டும். வேறு இடத்துக்கு வேலைக்குப் போனாலும் கொண்டு போகட்டும். "கத்துக்கிட்டு ஓடிப் போயிடுவாங்க" என்று முதலாளி சொல்வார். கற்காமல் இங்கேயே இருந்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேளுங்கள்.

ட்யூட்டி மாறும் 15 நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்ய நேரமிருந்தால், இதைச் செய்யுங்கள்.

பெரும்பாலான இடங்களில் ட்யூட்டி மாறும்போது ஒரு சிஸ்டர் இன்னொரு சிஸ்டரிடம் ரிப்போர்ட் சொல்வார். அட்டெண்டர்கள் அப்போது பக்கெட்டோடு போய்க்கொண்டிருப்பார்கள். இதை மாற்றி, கட்டில் கட்டிலாக நின்று, முதலில் அட்டெண்டர் பேச வேண்டும், பிறகு சிஸ்டர். ஆளுக்கு அரை நிமிடம் போதும். முதலில் வாயே வராது. "ஒண்ணுமில்ல மேடம், நல்லா இருக்காங்க" என்பார்கள். அதனால் எதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு சின்ன அட்டை கொடுத்துவிடுங்கள். அமெரிக்க முதியோர் இல்லங்களில் உதவியாளர்களுக்கென்றே "ஸ்டாப் அண்ட் வாட்ச்" என்று ஓர் அட்டை புழக்கத்தில் இருக்கிறது. நம் பேச்சில் அதே மாதிரி ஒன்று:

வழக்கம்போல இல்லாம என்னமோ மாதிரி இருக்காங்களா? பேச்சு குறைஞ்சிருக்கா? எழுந்து நடக்க முன்னைவிட உதவி வேணுமா? வலின்னு சொல்றாங்களா? சாப்பாடு, தண்ணி குறைஞ்சிருக்கா? வெளிக்குப் போனாங்களா? எரிஞ்சு விழறாங்களா, பயப்படறாங்களா? ரொம்பச் சோர்வா? தோல்ல மாற்றம்? கால் வீக்கம்?

"பாட்டி இன்னைக்கு என்னமோ மாதிரி இருக்காங்க" என்ற வாக்கியத்தைக் கேலி செய்ய விடாதீர்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ, நெஞ்சுச் சளியோ, உடம்பில் தண்ணீர் வற்றுவதோ வந்தால் காய்ச்சலுக்கு முன்பே புத்தி தடுமாற்றமாகத் தெரியலாம். அதை முதலில் உணர்பவர், அதே பாட்டிக்கு மூன்று மாதமாகத் தலை வாரிவிடுகிறவர். சிஸ்டர் உடனே பி.பி., சுகர், ஜுரம் பார்த்து, என்ன கண்டார் என்று சொன்னவரிடமே திரும்பிச் சொல்ல வேண்டும். "பாத்தேன்க்கா, ஜுரம் 100 இருக்கு, டாக்டருக்குச் சொல்லிட்டேன்" அல்லது "பாத்தேன், எல்லாம் சரியா இருக்கு, சாயங்காலம் மறுபடி பாக்குறேன்." இந்தத் திரும்பிச் சொல்வது விட்டுப்போனால் இரண்டே வாரத்தில் மறுபடி "ஒண்ணுமில்ல மேடம்" ஆகிவிடும்.

எழுதத் தெரியாதவர் இருந்தால் அவர் சொல்வதைச் சொன்னபடியே சிஸ்டர் எழுதட்டும். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த பிள்ளைகள் தங்கள் எழுத்தில் எழுதலாம். போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துக்கொள்வது இப்போது பெரிய காரியம் இல்லை. ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் இது எதுவும் நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஐந்தாறு பெரியவர்கள், குறைந்தது மூன்று மாதம் அதே ஆட்கள். ஒரு பெரியவர் மிகவும் கஷ்டப்படுத்துகிறார் என்றால் அட்டெண்டரே மாற்றம் கேட்கலாம், காரணம் கேட்டு வறுக்காமல் கொடுத்துவிடுங்கள்.

கேட்காமல் செய்யலாம்

அதிகாரம் கொடுக்கிறேன் என்று வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எழுதி ஒட்டுங்கள். முதலில் ஐந்து வரி போதும்.

குளிக்க மாட்டேன் என்று பெரியவர் சொன்னால் நேரத்தை மாற்றலாம், துடைத்து மட்டும் விடலாம். இட்லி வேண்டாம் என்றால் சமையலறையில் கஞ்சியோ தயிர்சாதமோ நேரடியாகக் கேட்டு வாங்கலாம் (சுகர் இருப்பவர்களுக்கு உள்ள விதி தனி). இரண்டாவது ஆள் வராமல் கனமானவரைத் தூக்க மறுக்கலாம். இரவில் சந்தேகம் வந்தால் எந்த மணிக்கும் சிஸ்டரையும் இன்சார்ஜையும் எழுப்பலாம். ஒரு ட்யூட்டிக்கு 200 ரூபாய் வரை அவசரச் செலவு செய்யலாம், பில் போதும்.

மாத்திரையின் அளவு, ட்யூப் போடுவது, கதீட்டர், ஊசி ஆகியவை சிஸ்டரின் வேலை. ஆள் இல்லாத இரவில் "நீதான் நல்லாச் செய்வியே" என்று அட்டெண்டர் தலையில் கட்டுவதற்கு அதிகாரம் என்று பேர் வைக்காதீர்கள்.

இதில் பிசகுவது நாலாவது வரியில்தான். இரவு இரண்டு மணிக்கு முதல் போன் வரும். காரணம் அற்பமாக இருக்கும். "இதுக்கா எழுப்புன?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால், உண்மையில் மூச்சு வாங்கும் இரவில் போன் வராது. "கூப்பிட்டது நல்லது" என்று சொல்லிவிட்டுப் படுங்கள்.

ட்யூட்டி லிஸ்டையும் மெதுவாக அவர்களிடமே விடலாம். நீங்கள் சொல்ல வேண்டியது எல்லைகளை மட்டும்: பகலில் எத்தனை பேர், இரவில் எத்தனை பேர், தொடர்ந்து நாலு இரவுக்கு மேல் யாருக்கும் இல்லை, இரண்டு வாரத்துக்கு முன்பே சுவரில் ஒட்ட வேண்டும். பொங்கலுக்கு யார் ஊருக்குப் போவது, தீபாவளிக்கு யார் என்பதை அவர்களே உட்கார்ந்து பேசி முடிக்கட்டும். சண்டை வரும். முதல் தடவை வந்தே தீரும். நடுவில் புகுந்து நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷமும் உங்களிடம்தான் வருவார்கள்.

தப்பு நடந்தால்

பெரியவர் விழுந்துவிட்டார். வழக்கம் என்ன? "யார் ட்யூட்டி?" என்று கத்துவது, சம்பளத்தில் பிடிப்பது. பலன், அடுத்த முறை விழுந்ததே வெளியே வராது. இரண்டு நாள் கழித்து இடுப்பு வீங்கிய பிறகுதான் தெரியும்.

முதலில் பெரியவரைப் பாருங்கள், டாக்டரையும் குடும்பத்தையும் கூப்பிடுங்கள். பிறகு ஒரு நோட்டில் மூன்று கேள்வி: என்ன நடந்தது, அந்த நேரம் என்ன குறைவாக இருந்தது (ஆளா, வெளிச்சமா, ஈரத் தரையா), இனி எதை மாற்றுகிறோம். இந்த நோட்டில் பேர் வேண்டாம். பெரியவரை அடிப்பது, கிள்ளுவது, திருடுவது, தெரிந்தே மறைப்பது இவை இந்த நோட்டுக்குள் வராது; அவற்றுக்கு விசாரணை உண்டு, வேலை போகலாம். இந்த எல்லையை முதல் நாளே எல்லோர் முன்னும் சொல்லிவிடுங்கள். ஊழியரின் மரியாதையைக் காப்பது என்றால் பெரியவர் மீது விழும் கையையும் காப்பது என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

குடும்பத்தாரும் கை நீட்டுகிறவர்களும்

வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் மகள் கத்துவார்: "எங்கம்மா ஏன் இவ்வளவு இளைச்சிருக்காங்க? என்னதான் பாக்குறீங்க?" அவருடைய குற்ற உணர்ச்சி பாதி, கோபம் பாதி, இரண்டும் போனைப் பிடித்துக்கொண்டிருப்பவர் மேல் கொட்டும். அட்டெண்டருக்கு மூன்று வாக்கியம் பழக்குங்கள். தெரிந்த உண்மை ஒன்று, செய்தது ஒன்று, அடுத்து யாரிடம் பேசலாம் என்பது ஒன்று. "அம்மா மூணு நாளா அரை இட்லிதான் சாப்பிடறாங்கம்மா. டாக்டர்கிட்ட சொல்லி கஞ்சி மாத்தியிருக்கோம். இன்சார்ஜ் மேடம் பதினோரு மணிக்கு உங்களைக் கூப்பிடுவாங்க." பதினோரு மணிக்கு நீங்கள் கூப்பிட்டே ஆக வேண்டும். குடும்பத்தார் கையில் வைத்துவிட்டுப் போகும் காசு பெரும் பொறாமையைக் கிளப்பும். உண்டியல் ஒன்று வைத்து மாதக் கடைசியில் சமையல்காரர், துணி துவைப்பவர் உட்பட சமமாகப் பிரிப்பது பல இடங்களில் அந்தச் சண்டையைத் தணித்திருக்கிறது.

தொடக் கூடாத இடத்தில் தொடும் பெரியவர்களும் உண்டு. "தாத்தா, கையை எடுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அவர் பத்திரமாக இருக்கும்படி விட்டு நகர்ந்து, உடனே சொல்ல வேண்டும். மறதி நோயால் என்றால் அவரைத் தண்டிக்க முடியாது. அதற்காக அந்தப் பெண் பொறுத்துக்கொள்ளவும் தேவையில்லை. அவருக்கு ஆண் அட்டெண்டரைப் போடுங்கள், அல்லது இருவராகப் போகச் சொல்லுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களின் பேரையும் போன் நம்பரையும் பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒட்டுங்கள். ஆபீஸ் அறையில் ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

சம்பளம் பற்றிச் சுருக்கமாக: 7-ஆம் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும், பிடித்தம் எதற்கு என்று தமிழில் சீட்டு வேண்டும், ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது. இ.எஸ்.ஐ. பிடித்தால் (ஊழியர் பங்கு 0.75 சதவீதம்) கார்டு கையில் கொடுத்து, எந்த டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும் என்றும் காட்டிக் கொடுங்கள். பணம் பிடிக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்து, பிள்ளைக்கு ஜுரம் வந்தால் காசு கொடுத்துத் தனியாரிடம் ஓடுகிறவர்கள் நிறைய.

கட்டில் காலியாகும் நாள்

இரண்டு வருடம் மலம் அள்ளி, சோறூட்டிப் பார்த்த பாட்டி காலையில் இறந்துபோகிறார். பத்து மணிக்கு வண்டி வந்து எடுத்துப்போகிறது. பதினொன்றுக்கு, "பெட்ட க்ளீன் பண்ணு, மத்தியானம் புது அட்மிஷன்" என்கிறோம். அந்த அட்டெண்டருக்கு இதைவிடத் தெளிவாக "உன் உறவு கணக்கில் இல்லை" என்று சொல்ல முடியாது. கடைசியாக உடம்பு துடைத்து, துணி மாற்ற விருப்பமா என்று அவரிடம் கேளுங்கள். விருப்பமில்லை என்றால் விடுங்கள். ட்யூட்டியில் இருப்பவர்கள் பத்து நிமிடம் நிற்கட்டும், விளக்கேற்றுவதோ ஜெபமோ அந்தப் பெரியவரின் வழக்கப்படி நடக்கட்டும். முடிந்தால் அந்தக் கட்டிலை மறுநாள் வரை காலியாக விடுங்கள். குடும்பத்தார் வரும்போது, யார் பார்த்துக்கொண்டார் என்று பேர் சொல்லி முன்னால் நிறுத்துங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் முதலில் அழுவார்கள்.

மூன்று மாதம் கழித்து

மாறியிருக்கிறதா என்பதை மனத் திருப்தியை வைத்துப் பார்க்காதீர்கள். சொல்லாமல் எடுத்த லீவு எத்தனை, ட்யூட்டி மாறும்போது அட்டெண்டர் சொன்ன குறிப்புகள் எத்தனை, தப்பு நோட்டில் எத்தனை பதிவு என்று எண்ணுங்கள். தப்பு நோட்டில் பதிவு கூடினால் முதலாளி பதறுவார். தப்பு கூடவில்லை, மறைப்பது குறைந்திருக்கிறது என்று சொல்லிப் புரிய வையுங்கள். நோட்டு காலியாக இருந்தால்தான் கவலை.

பிறகு இரண்டு நாள் லீவு போடுங்கள். சாவியை, செலவுப் பணத்தை, டாக்டர் நம்பரை மூத்த அட்டெண்டர் ஒருவரிடமும் சிஸ்டரிடமும் சேர்த்து எல்லோர் முன்னிலும் கொடுத்துவிட்டுப் போங்கள். நடுவில் போன் செய்து விசாரிக்காதீர்கள். திரும்பி வந்ததும் முதலில் நோட்டை எடுத்துப் படியுங்கள். என்னென்ன முடிவெடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, கீழே தேதி போட்டுக் கையெழுத்து இடுங்கள். எழுத்துப் பிழை இருக்கும். அதைத் திருத்தாதீர்கள்.